நோயாளி வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது: கோத்தகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னங்கால்கள் செயலிழந்த, தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத ஒரு பெண் பூனை, அதை வளர்த்தவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் என் வீட்டில் இருந்தது. ஐப்பசி மழையில் வந்தது, மாசியில் திரும்பிப் போனது. நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். இதுமாதிரி ஒரு கேஸ் வந்தால் எல்லோரும் பூனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வளர்த்தவரைப் பற்றிக் கேட்பதில்லை, கேட்டாலும் "இப்படி விட்டுட்டாங்களே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை இந்தப் பூனையின் நிலைமை கெட்டதற்கான காரணம் அந்த அம்மாவின் நோயில் இருந்தது, அது தேறுவதற்கான வழியும் அவரிடமேதான் இருந்தது. அவரை ஒதுக்கிவிட்டுப் பூனையை மட்டும் காப்பாற்றப் போயிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும்.

ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பூனையின் பெயர் மல்லி.

பின்னணி

மல்லியை வளர்த்த அம்மாவுக்கு 68 வயது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். சின்னப் பெண்ணாக இங்கே வந்து இறங்கியவர், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். கணவர் இல்லை. ஒரே மகனுக்குப் பெங்களூரில் வேலை. தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் தனியாக இருக்கிறார்.

மல்லி நாலு மாதக் குட்டியாக இருந்தபோது கொழுந்து லாரியில் அடிபட்டது. முதுகெலும்பின் கடைசிப் பகுதி, இடுப்புக்குச் சற்று மேலே, நொறுங்கிவிட்டது. கூடையில் வைத்துப் பஸ்ஸில் குன்னூருக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே இருந்த டாக்டர் கருணைக்கொலை ஒரு வழி என்றார், இன்னொரு வழியும் சொன்னார்: தினமும் ரெண்டு மூணு தடவை வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியே எடுக்க ஆள் இருந்தால் இது பல வருஷம் நன்றாக வாழும். அம்மா ரெண்டாவது வழியை எடுத்தார். விடியற்காலை, மத்தியானம், படுக்கப் போகும் முன் என்று நாலு வருஷம். கிளினிக் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை எல்லாம் அதில் இருக்கிறது, முதல் நாலு வருஷத்தில் சிறுநீர்த் தொற்று என்று ஒரு சீட்டுகூட இல்லை. முதுகு அடிபட்ட பூனையை வளர்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். புறக்கணிக்கப்பட்ட பூனை என்று ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் இந்த நாலு வருஷத்தை எழுதியாக வேண்டும்.

அப்புறம்தான் முடக்குவாதம் வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை விறைத்தே இருக்கும். வாரம் ஒருமுறை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, நடுவில் வலி மாத்திரைகள். பூனையின் சிறுநீர்ப்பையைக் காலி செய்யப் பெரிய பலம் வேண்டாம், ஆனால் விடாமல், ஒரே சீராக அழுத்த வேண்டும். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து செய்கிற வேலை அது. அம்மாவின் கை பாதியிலேயே விட்டுவிடும். கொஞ்சம் வரும், முடிந்தது என்று நினைப்பார், மீதி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய சிறுநீரில் கிருமி வளரும், நாளாக ஆகப் பை நிரம்பித் தானாகவே வழிய ஆரம்பிக்கும். வழிவதைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? பூனை தானாகப் போகிறது, தேறி வருகிறது என்றுதான் தோன்றும். அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது, அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்திருக்கிறார்.

இந்த இடத்தை வாசிப்பவர்கள் கொஞ்சம் நின்று கவனிக்கணும். முதுகு அடிபட்ட பூனை எப்போதும் ஈரமாகவே இருந்தால், பை காலியாகவில்லை, நிரம்பி வழிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்படி வழிகிற சிறுநீர் பின்தொடையையும் அடிவயிற்றையும் புண்ணாக்கும், பையின் தசை இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்துபோகும், கிருமி மேலேறிச் சிறுநீரகத்துக்கும் போகலாம்.

புரட்டாசிக் கடைசியில் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். 108-இல் உதகை அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து கோவைக்கும் கொண்டுபோனார்கள். இடுப்பு மூட்டின் பந்தை மாற்றும் அறுவை. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அவர்கள் தினமும் பால்சாதம் வைத்தார்கள், தண்ணீர் வைத்தார்கள். வயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது, அம்மா வலி மருந்தின் மயக்கத்தில் எதையும் சொல்கிற நிலையில் இல்லை. ஒரு வாரம் போல அப்படியே போயிற்று.

அந்த லைனுக்கு வந்த ஒருவர் நாற்றத்தைப் பார்த்து வீடியோ எடுத்து, போலீசில் புகார் கொடுப்பேன் என்று கிளம்பினார். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், போதுமான உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் இருப்பது உரிமையாளரின் குற்றம் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது, முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டம் இருப்பது நல்லதுதான், வேண்டுமென்றே வதைப்பவர்களுக்கு அது இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அறுவை முடிந்து படுத்திருக்கிற ஒரு மனுஷி மேல் வழக்குப் போட்டால் பூனையின் பையை அன்று ராத்திரி யார் காலி செய்வார்கள்? புகார் கொடுக்கக் கிளம்பியவரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் புரிந்துகொண்டார், பிற்பாடு மருந்துச் செலவில் ஒரு பங்கும் கொடுத்தார்.

வந்தபோது இருந்த நிலை

எடை 2.2 கிலோ. பிஸ்கட் டப்பாவில் இருந்த பழைய சீட்டில் 3.4. உடல் வெப்பம் 97 டிகிரி சொச்சம். பூனைக்கு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். ஈறு வெளுத்து ஒட்டியது, தோலை இழுத்து விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. வாலிலிருந்து தொடைவரை முடி சிக்குப் பிடித்து ஒரே கட்டியாக இருந்தது, அதை மழித்தபோது அடியில் தோல் சிவந்து உரிந்திருந்தது. இடது பின்பாதத்தில் சிமென்ட் தரையில் தேய்ந்த புண். மேலெல்லாம் தெள்ளுப்பூச்சி. வயிற்றைத் தொட்டால் பை கல்லுப்போல இருந்தது, குடலில் இறுகின மலமும் இருந்தது. இந்த வகை முதுகுக் காயத்தில் மலச்சிக்கலும் கூடவே வரும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குன்னூர் டாக்டர் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தார். ரத்தம் கலந்து, அமோனியா நெடியுடன் வந்தது. ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே மாதிரி எடுத்துக் கோவைக்கு வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். இந்த வரிசை முக்கியம், மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய் எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமலே போய்விடும். முடிவு வந்தபோது ஈ.கோலை என்ற குடல் கிருமி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்றுக் கூடியிருந்தது, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, பையையும் ஒழுங்காகக் காலி செய்ய ஆரம்பித்த பிறகு அது இறங்கியது.

முதல் சில நாட்கள்

பட்டினி கிடந்த பூனைக்கு வயிறு நிறையப் போடத்தான் எல்லோருக்கும் கை வரும். அது ஆபத்து. பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கி, இதயமும் ரத்த அணுக்களும் பாதிக்கப்பட்டுச் சாகக்கூடும். அதனால் கணக்குப் போட்டே கொடுத்தோம். 2.2 கிலோ எடைக்கு ஓய்வில் ஒரு நாள் தேவை சுமார் 125 கலோரி, முதல் நாள் அதில் மூணில் ஒரு பங்கு, அதாவது 40 கலோரி. தோலில்லாத வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 25, 30 கிராம்தான். அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியுடன். முழுத் தேவைக்கு வந்து சேர ஒரு வாரம் பிடித்தது.

பால்சாதம் வைத்தவர்கள் அன்பாகத்தான் வைத்தார்கள். ஆனால் வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சோற்றில் டாரின் என்ற சத்து கிடையாது. பூனையின் உடம்பு டாரினைப் போதுமான அளவு தானே தயாரிக்காது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் (Paul Pion) என்ற கால்நடை மருத்துவரின் குழுவினர் 1987-இல் காட்டினார்கள், அதற்குப் பிறகுதான் பூனைத் தீவனக் கம்பெனிகள் டாரின் அளவை ஏற்றின. நாய்த் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று பூனைக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூடு கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்குள்ளேயே கம்பளி போர்த்தி உட்கார வேண்டியிருக்கும், இந்த நிலையில் இருக்கிற பூனைக்குச் சூடு கட்டாயம் வேண்டும். ஆனால் மல்லிக்குப் பின்பாதி உடம்பில் உணர்ச்சி கிடையாது. வெந்நீர்ப் பாட்டில் தொடையில் பட்டு வெந்தாலும் அதற்குத் தெரியாது, நகராது. துண்டில் நன்றாகச் சுற்றி, முன்பாதிப் பக்கம்தான் வைக்க வேண்டும், அடிக்கடி கைவைத்துப் பார்க்க வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது பூனைக்கும் ஆளுக்கும் உயிரைக் குடிக்கும், மலையில் குளிருக்கு அப்படி வைத்து இறந்தவர்களைப் பற்றி இங்கே எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

தெள்ளுக்கு நாய்ப் பவுடர் போடவில்லை, அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நரம்பு விஷம். டாக்டர் ஃபிப்ரோனில் ஸ்ப்ரே அடித்தார். புண்ணுக்குத் துத்தநாகக் களிம்பு தடவவில்லை, நக்கிவிட்டால் துத்தநாகம் உள்ளே போகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, மெல்லிசாக வாசலின். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அம்மா சொல்லிக் கொடுத்தது

பையை அழுத்திக் காலி செய்வதை டாக்டர் நேரில் கற்றுக்கொடுத்தார். அடிவயிற்றில் பின்தொடைக்குச் சற்று முன்னால் விரல்களை ரெண்டு பக்கமும் வைத்தால் எலுமிச்சம்பழ அளவில் உருண்டையாகத் தட்டுப்படும். அதை வாலை நோக்கி மெதுவாக, நிறுத்தாமல் அழுத்த வேண்டும், குத்தக் கூடாது, எதிர்ப்பு அதிகமாக இருந்தால் விட்டுவிட வேண்டும், முரட்டுத்தனமாக அழுத்தினால் பை கிழிந்துவிடும். படித்து மட்டும் யாரும் இதைச் செய்யப் போகாதீர்கள். ஆண் பூனைக்கு நீர்க்குழாய் அடைத்திருந்தால் அழுத்தவே கூடாது, அது நேராக டாக்டரிடம் போக வேண்டிய அவசரம்.

டாக்டர் மேஜையில் சரியாக வந்தது வீட்டில் சரியாக வரவில்லை. மல்லி உடம்பை முறுக்கிக்கொள்ளும், பை விரலில் நிற்காது. அப்போதுதான் அம்மா கோவை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசுகிற நிலைக்கு வந்திருந்தார், மகன் வீடியோ கால் போட்டுக் கொடுத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பூனையைப் பார்த்ததும், "கண்ணு, நீ நேரா நிக்க வச்சு அமுக்குற. அதுக்குப் பை கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். உன் இடது கை மேல சாய்ச்சுப் படுக்க வை, தலை உன் முழங்கைக்குள்ள போகட்டும், அப்பதான் அடங்கும். அப்புறம் மூச்சு விடுறப்ப அமுக்கு" என்றார். அப்படியே செய்தேன், வந்தது. முழுசாக வந்தது.

இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் உடனே கேஸ் தாளில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அம்மாவிடம் ஒரு நோயாளியின் வரலாறு கேட்பதுபோலக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். எது கொடுத்தால் மலம் இளகும் (வேகவைத்த மஞ்சள் பூசணி ஒரு ஸ்பூன், லாக்டுலோஸ் மருந்தோடு சேர்த்தால் இன்னும் நல்லது), எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், வலித்தால் எப்படிக் காட்டும். நாலு வருஷம் தினம் மூணு வேளை தொட்டுப் பார்த்த கைக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நல்ல எண்ணத்தில் தத்தெடுக்க வருகிற பல பேர் பழைய உரிமையாளரிடம் பேசவே கூச்சப்படுகிறார்கள், சிலர் கோபத்தில் பேசுவதில்லை. கோபத்தால் பூனைக்குத்தான் நஷ்டம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மல்லிக்கு வலிக்குமே, தன் வலி மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். பாரசிட்டமாலைப் பூனையின் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது, அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே கெடுத்துவிடும், ஒரே ஒரு மாத்திரையில்கூடப் பூனை சாகலாம். மனுஷர்களுக்கான மற்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான். வீட்டில் நோயாளியும் பூனையும் சேர்ந்து இருந்தால் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் எழுதிக்கொண்டது

வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு பக்கத்துக்கு எழுதினோம். பூனை அம்மாவுடையது, நான் பார்த்துக்கொள்பவள் மட்டுமே. இவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் சிகிச்சை செய்யலாம், அதற்கு மேல் போனால் மகனிடம் கேட்க வேண்டும். கருணைக்கொலை என்ற பேச்சு வந்தால் டாக்டர் எழுத்தில் தர வேண்டும், முடிவு அம்மாவுடையது, அவர் பேச முடியாத நிலையில் இருந்தால் மட்டும் மகனுடையது. வாரம் ஒரு எடை, ஒரு படம். அம்மா வீட்டுக்கு வந்து நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் உட்கார்ந்து மறுபடி பேசுவது. கடைசியாக, அம்மா இல்லாமல் போனால் மல்லி யாரிடம் போக வேண்டும் என்பது.

அந்தக் கடைசி வரி வேண்டாம் என்று மகன் சொன்னார். அம்மாதான் எழுதச் சொன்னார். விரலில் பேனா நிற்காததால் கைநாட்டு வைத்தார், "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதையும் எழுதிக்கோ" என்றார். எழுதினேன்.

இடைக்காலமாக வளர்க்கிறவர்கள் இந்தத் தாளை அவநம்பிக்கை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோய்ப் படுக்கையில் இருக்கிறவரைச் சுற்றி எல்லோரும் அவருக்காக முடிவெடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் தானே முடிவெடுக்கிற ஒரு விஷயமாவது இருக்கட்டும். அவர் உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்ததற்கு மல்லியின் வாரப் படமும் ஒரு காரணம் என்று மகனே பிற்பாடு சொன்னார்.

மலைக்கேற்ற ஏற்பாடுகள்

கோத்தகிரியில் இழுத்து நடக்கிற பூனையை வெளியே விடவே முடியாது. சிறுத்தை லைன் வீட்டு வாசல்வரை நாயைத் தேடி வரும், கரடியும் ராத்திரியில் தெருவில் நடமாடும். ஒரு அறை முழுக்க ரப்பர் பாய் விரித்து அதன்மேல் பழைய கம்பளி போட்டேன், பாதப் புண் ஆற அதுவே போதுமாக இருந்தது. சக்கர வண்டி ஒன்று செய்து பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள், மல்லி இழுத்துக்கொண்டே வேகமாகப் போகப் பழகின பூனை, அதைக் கட்டிப்போட எனக்கு மனசில்லை.

மருந்தை எப்போதும் ரெண்டு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தேன். நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டிலோ குன்னூர் ரோட்டிலோ மண் சரிந்தால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் இங்கே இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று பூ. நம் பக்கம் பசுமைக்குடில்களில் கார்னேஷனோடு லில்லியம் பயிரிடுகிறார்கள், விசேஷத்துக்கும் நோயாளியைப் பார்க்க வரும்போதும் அந்தப் பூங்கொத்துதான் கொண்டுவருகிறார்கள். லில்லியத்தின் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தை ரெண்டு மூணு நாளில் அழித்துவிடும். வாசல் கதவில் எழுதி ஒட்டினேன்.

ரேபிஸ் தடுப்பூசியைப் புதுப்பித்தோம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காகத்தான். வலியில் இருக்கிற பூனை பிறாண்டும், கடிக்கும். பட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பூனைதானே என்று விடக் கூடாது.

திருப்பிக் கொடுக்கலாமா

இதுதான் கஷ்டமான பகுதி. பொங்கல் வாக்கில் அம்மா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். மல்லி 3 கிலோவைத் தாண்டியிருந்தது, சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தது. திருப்பிக் கொடுக்கவே கூடாது, அம்மாவின் கை சரியாகப் போவதில்லை, மறுபடி அதே நிலைதான் வரும் என்று எனக்கு உதவிய ரெண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மகனுக்கு வேறு பயம்: எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் பூனை இருந்தால் ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மகனின் கேள்விக்கு அம்மாவின் மூட்டு டாக்டரே பதில் சொன்னார். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வந்தாலும் தொற்றுகிற நிலைக்கு மாற ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் வேறொருவர் மலத்தை அள்ளிவிட்டால், பூனை வீட்டுக்குள்ளேயே இருந்து வேகவைத்ததை மட்டும் தின்றால், ஆபத்து மிகக் குறைவு. தெள்ளு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மா அழுத்துகிற வேலையைத் தொடக் கூடாது, பிறாண்டல் பட்டால் உடனே காட்ட வேண்டும். பூனையை அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

நண்பர்களின் கேள்விக்குப் பதிலாக நான் சொன்னது இது. அம்மா இழந்தது கையின் பலத்தை மட்டும்தான், கண்ணும் மூக்கும் புத்தியும் அப்படியே இருக்கின்றன. அழுத்துவதற்கு வேறு கை கிடைத்தால் போதும். பக்கத்து லைனில் இருக்கிற கல்லூரி மாணவியும் அவள் அம்மாவும் முன்வந்தார்கள். காலையில் காலேஜ் பஸ்ஸுக்கு முன் அந்தப் பெண், சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்ததும் அவள் அம்மா, ராத்திரி மறுபடி அந்தப் பெண். சும்மா செய்ய வேண்டாம், மாதம் ஒரு தொகை மகன் தருவது என்று பேசினோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரக்கத்தில் ஆரம்பிக்கிற வேலை பரீட்சை வந்தால், காய்ச்சல் வந்தால் விட்டுப்போகும். கூலியுள்ள வேலைக்கு மாற்றாள் தேடுவார்கள். ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டு, டாக்டர் முன்னால் செய்து காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் நாள் குறித்தோம்.

வீட்டிலும் சில மாற்றம். இடுப்பு அறுவை முடிந்தவர் குனிந்து தரையில் இருப்பதை எடுக்கக் கூடாது, தாழ்வாக உட்காரவும் கூடாது. வாக்கர் காலடியில் பூனை வந்தால் மறுபடி விழுவார். அதனால் மல்லிக்குக் கழுத்தில் மணி, ராத்திரிக்குத் தனித் தடுப்பு, விளக்கு. விளிம்பு உயர்த்திய ஒரு மேஜை செய்தோம், அழுத்துகிற நேரத்தில் மல்லி அதன்மேல், அம்மா உயரமான நாற்காலியில் பக்கத்தில். உணவுக் கிண்ணத்தைக் கழுவி வைப்பதும் மணல் தட்டு அள்ளுவதும் அந்தப் பெண்ணின் வேலை.

திரும்பிய பிறகு

மாசியில் 3.1 கிலோவில் போனது. பங்குனியில் ஒரு தொற்று மறுபடி வந்தது. கண்டுபிடித்தது அம்மாதான். அவர் விரலால் அழுத்த முடியாது, ஆனால் புறங்கையை வயிற்றில் வைத்துப் பை காலியா இல்லையா என்று அவரால் சொல்ல முடிகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அழுத்தி முடித்ததும் அவர் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் முடிந்தது என்று கணக்கு. அந்த வாரம் நெடி மாறியிருக்கிறது என்று மூணு வேளையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், மற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. மாதிரி எடுத்து அனுப்பினோம், கிருமி இருந்தது, ஆரம்பத்திலேயே பிடித்ததால் மாத்திரையோடு போயிற்று. இந்த வகைப் பூனைக்குத் தொற்று வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது, எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் வீட்டில் இருந்திருந்தால் இன்னும் ரெண்டு மூணு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இடது பாதப் புண் முழுசாக ஆறவில்லை, மேலே தோல் மூடும், மறுபடி பிரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் படிப்பு முடிகிறது, வேலைக்குக் கீழே போய்விட்டால் யார் என்பதற்கு அவள் தம்பியைப் பழக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிஸ்கட் டப்பாவில் இருந்த சீட்டுகள் எல்லாவற்றின் படமும் இப்போது மகன் போனிலும் அந்தப் பெண்ணின் போனிலும் இருக்கின்றன, "அழுத்தி எடுக்க வேண்டும், தினம் மூணு தடவை" என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் கதவுக்குப் பின்னால்.

அம்மாவுக்கு அடுத்து கண்புரை அறுவை இருக்கிறது. தேதி கிடைத்ததும் மல்லி ரெண்டு வாரம் என் வீட்டுக்கு வரும், இந்தத் தடவை அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே.